மாமியாருக்குப் பிரஷர் பார்க்கச் சொன்ன டாக்டர்

டாக்டர் நூர்ஜஹான் தவறிவிட்டார் என்ற செய்தி தடுப்பூசி நாளில் வந்தது. கிளினிக் முழுக்கக் குழந்தைகளின் அலறல். போனில் ஒன்றும் புரியாமல், "சத்தமா சொல்லுங்க!" என்று நானும் கத்தினேன். கேட்ட பிறகு, கேட்காமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

சிரம்பான் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகள், குழந்தை மருத்துவர். அவருடைய சிரிப்பு மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை கேட்கும் என்பது எங்கள் கிளினிக்குக்கு வந்த எல்லாருக்கும் தெரியும். தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு எடை, உயரம் பார்ப்பதோடு, வீட்டில் அவர்கள் பயப்படும்படி ஏதாவது நடந்ததா என்றும் ஒவ்வொரு தாயிடமும் கேட்க வேண்டும் என்றவர் அவர். "பயந்த பிள்ளை வாயால சொல்லாது சாந்தி. சோத்துல காட்டும், தூக்கத்துல காட்டும்" என்பார்.

கேட்பது சுலபம், பதில் வர வேண்டுமே! எங்கள் ஆட்கள் ஒரு குழந்தையைக் காட்ட ஒரு வேன் நிறைய வருவார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எந்த மருமகள் வாய் திறப்பாள்? "எல்லாம் ஓகேலா டாக்டர்" என்பதோடு சரி. அதனால் டாக்டர், "அம்மா, முகம் ஒரு மாதிரி வாடியிருக்கே, மிஸ்ஸிகிட்ட பிரஷர் பார்த்துக்குங்க" என்று மாமியாரை நர்ஸான என்னிடம் அனுப்பிவிடுவார். நான் அடுத்த அறையில் ஆற அமரப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் பேரப்பிள்ளை இல்லாமலே மாமியார்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

புக்கிட் பெலண்டோக் பக்கமிருந்து நாலு வயதுப் பெண்குழந்தை ஒருத்தி வந்தாள். தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. "காது கேக்கல போல" என்றார் உடன் வந்த மாமியார். டாக்டர் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார், சட்டென்று திரும்பினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரை அழைத்துக்கொண்டு போனேன்.

உள்ளே நடந்ததைத் தாய் பிறகு சொன்னார். கணவன் குடித்துவிட்டு வந்து அவரை அடித்ததைக் குழந்தை பார்த்திருக்கிறாள். "வெளிய தெரிஞ்சா பிள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சிருவாங்களா டாக்டர்?" என்று கேட்டவரிடம், "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா, பயமில்லாம இருக்கணும். அதுக்குத்தானே கேக்குறேன்" என்றாராம். டாக்டரே சமூக நலத்துறையோடு பேசி, தாயும் மகளும் தெமியாங்கில் தாயின் அக்காள் வீட்டுக்குப் போக வழிசெய்தார். சிரம்பான் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு மனநலச் சிகிச்சையும் நடந்தது.

சில மாதம் கழித்து வந்தாள் பாருங்கள், வாயாடி! பெரியம்மா வீட்டுப் பூனை, அது திருடித் தின்ற மீன், அதைத் துரத்திய பெரியப்பா என்று ஓயவே இல்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்க முடியவில்லை. வெளியே கூட்டம் வேறு. "கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லவா டாக்டர்?" என்றேன்.

"விடு சாந்தி. இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தோம்."

கண் கலங்கச் சிரித்தபடி, பூனைக் கதை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்பைத்தான். இப்போதெல்லாம் ஒரு குழந்தை பேச ஆரம்பித்தால், கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிடுகிறேன்.