தானாக மாறிய எண்

முட்டிக்காரர் என்றுதான் கம்பெனியில் அவரைக் கூப்பிடுவார்கள். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு, காலை மெல்ல மடக்கி நீட்டிவிடும் மோட்டார் மெஷினைக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. மெஷினைக் கட்டில்மேல் வைத்து, அதன் மெத்தையில் காலைக் கிடத்திப் பட்டை போட்டு, டாக்டர் சீட்டில் எழுதிய டிகிரியை ரிமோட்டில் பதிவு செய்வார். பயந்து முழிப்பவர்களிடம் சிவப்புப் பொத்தானைக் காட்டி, "இதை அமுக்கினா அப்படியே நின்னுடும். எஜமான் நீங்கதான்" என்பார். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

அதற்கு முன் பதினாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்தது. எலும்பு சேர்ந்தது, கை மட்டும் முழுசாக நீளவே இல்லை. அந்தக் கையோடு லிஃப்ட் குழிக்குள் அவரை இறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகோ, லிஃப்ட் இல்லாத வீடாகப் பார்த்து அமைந்தது. மெஷின் பெட்டியை வலது தோளில் ஏற்றிக்கொண்டு மாடி மாடியாக ஏறுவார்.

பஸ் ஓட்டும் ஒரு பெண்ணின் வீடும் மூன்றாவது மாடிதான். பணிமனையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, இடது முட்டியில் தகடு வைத்திருந்தார்கள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். கூடவே இருந்து கவனிக்க லீவு போட்டிருந்தார். நாற்பது டிகிரியில் தொடங்கி நாளுக்கு ஐந்து ஏற்ற வேண்டும் என்று சீட்டில் இருந்தது.

மூன்றாம் நாள் கணவர் போன் செய்தார். "சார், மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. ஐம்பதுன்னு வெச்சா ஒரு நேரம் நாற்பது காட்டுது, ஒரு நேரம் அறுபது காட்டுது."

முட்டிக்காரர் போய்ப் பார்த்தார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அண்ணே, புது மெஷினும் அதே கூத்துதான் அடிக்குது."

இரண்டு மெஷினுக்கும் ஒரே நோய் வருமா? இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்த பில் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் உட்கார்ந்துகொண்டார். முட்டி நன்றாக வீங்கியிருந்தது. சிறிது நேரத்தில் அவள் தண்ணீர் கேட்டாள். கணவர் சமையலறைக்குள் போனதுதான் தாமதம், அவள் கட்டைவிரல் ரிமோட்டில் ஓடியது. ஐம்பத்தைந்து அறுபத்தைந்தானது. தண்ணீர் குடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கணவர் அவள் நெற்றியைத் துடைத்தார். துடைத்த கை திரும்பும் வழியில் ரிமோட்டைத் தொட்டது. நாற்பத்தைந்து.

முட்டிக்காரருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் நமக்கென்ன என்று, "நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் இதைக் கதையாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"சொல்லாமலா வந்தீங்க?"

"அது நம்ம வேலையா? என் கை இப்படி ஆனப்போ எனக்கு யாரு வந்து சொன்னாங்க?"

"நான் சொன்னேனே. பயிற்சியை விடாதீங்கன்னு தினம் சொன்னேன். நீங்கதான் காதுல வாங்கல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நானும் அழுத்திச் சொல்லல. நீங்க வலியில முகத்தைச் சுளிச்சா எனக்குக் குரல் உள்ளே போயிடும். சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுடுவேன்."

இத்தனை வருஷமாக, தனக்கு யாருமே சொல்லவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் அவள் குரல் லேசாக நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே அந்த மூன்று மாடியையும் ஏறினார். இருவரையும் எதிரில் வைத்துக்கொண்டு போட்டு உடைத்தார். "மெஷின் மேல ஒரு தப்பும் இல்லை. மேடம் ஏத்துறாங்க, சார் இறக்குறாரு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இறக்குனது நீங்களா?"

"அப்ப ஏத்துனது நீயா?"

"சீக்கிரம் மடங்கலைன்னா என்னை ஆபீஸ்ல உட்கார வெச்சு ஃபைல் அடுக்கச் சொல்லிடுவாங்க. எனக்கு கிளட்ச் மிதிக்கணும்" என்றாள் அவள்.

"நீ பல்லைக் கடிச்சுட்டுக் கிடக்குறதை நான் எப்படிப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது?"

"பத்து டிகிரி கூட வெச்சா பல்லைக் கடிக்காம பாட்டா பாடுவேன்?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. அவள் வலியைப் பார்த்து அவர் இறக்க, இறங்கியதைப் பார்த்து அவள் ஏற்ற, நடுவில் முட்டிதான் வீங்கிப்போயிருந்தது. கணவர் மெதுவாகக் கேட்டார்: "சார், இனிமே மடங்காமலே போயிடுமா?"

முட்டிக்காரர் சட்டைக் கையை மடித்து இடது கையை நீட்டினார். பாதி வழியிலேயே அது நின்றுவிட்டது. "இதுக்கு மேல நீளாது. வலிக்குதுன்னு நான் பாதியில விட்டேன். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஆனா அவசரமும் ஆகாது, இரக்கமும் ஆகாது."

அங்கிருந்தே பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் போட்டார். அந்த அம்மா மாலையில் வந்து முட்டியை அளந்து, இருவரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார். வீக்கம் வடிய ஒருநாள் ஓய்வு, பிறகு ஐம்பதிலிருந்து மறுபடி என்று எழுதிக் கொடுத்தார். சிவப்புப் பொத்தானைத் தவிர மற்ற எல்லாப் பொத்தான்களையும் முட்டிக்காரர் பூட்டிவிட்டார்; தினமும் டிகிரியை ஏற்றிவைக்க அவரே வருவதாக ஏற்பாடு. கணவருக்கும் ஒரு வேலை கிடைத்தது: மெஷின் ஓடி முடிந்ததும் ஐஸ் பை வைப்பதும், பயிற்சியை எண்ணுவதும். எண்ணும்போது அவர் குரல் தணிந்தால், அவளே "சத்தமா எண்ணுங்க" என்பாளாம்.

மெஷின் கம்பெனிக்குத் திரும்பும்போது முட்டி தொண்ணூறைத் தாண்டியிருந்தது. பிறகு நடைப் பயிற்சி, படிப் பயிற்சி என்று மாதங்கள் ஓடின. பணிமனையின் மருத்துவச் சோதனையில் முதல் தடவை தேறவில்லை. இரண்டு நாள் படியின் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மறுபடி படியில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை தேறினாள்.

அன்றைக்கு அவளே முட்டிக்காரருக்குப் போன் செய்தாள். எவ்வளவு மடங்குகிறது என்று அவர் கேட்டார்.

"கிளட்ச்சுக்குப் போதும் அண்ணே. தரையிலதான் இன்னும் உட்கார வரல. அதனால என்ன, பஸ்ல எனக்குன்னு ஒரு சீட் இருக்கே!"