கம்பெனி வாசலில் எங்கள் கொல்லுப்பட்டறை

என் வீட்டுக்காரரின் கொல்லுப்பட்டறை காங்கேயம் ரோட்டோரம் இருந்தது. அவருடைய தாத்தா அங்கே காளைகளுக்கு லாடம் அடித்தார். மாமனார் மம்மட்டியும் அருவாளும் அடித்தார். இவர் காலத்தில் சாயப்பட்டறைத் தள்ளுவண்டிகளை ஒக்கிட்டுச் சரிசெய்கிற வேலைதான் மிச்சம். இடம் எங்களுடையது அல்ல. அங்கே தோட்டம் வைத்திருந்த ஒருவர் தாத்தாவுக்கு வாய்வார்த்தையாக விட்டது.

அந்தத் தோட்டத்துக்காரரின் பேரன் இப்போது பனியன் கம்பெனி முதலாளி. நான் அங்கேதான் செக்கிங்கில் இருக்கிறேன். பட்டறை இருந்த இடத்தில் குடோன் கட்ட வேண்டும் என்று ஒருநாள் அவரே வந்தார்.

"ஏனுங்க ஆசாரியாரே, இதைய இடிக்க எனக்கே மனசு வரலீங்க. அப்படியே பிரிச்சு நம்ம கம்பெனி வாசல்ல நிறுத்தீரலாம். பனியன் வாங்குற வெளிநாட்டுப் பையர் வந்தா பார்ப்பாங்க. நீங்க வந்து உக்காந்தாப் போதும்."

இவருக்கு வலது தோள் அப்போதே தூக்க வராது. என்னைப் பார்த்தார். எனக்கும் யோசிக்கத் தெம்பில்லை. "செரின்னு சொல்லுங்க" என்றேன்.

கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்கள் கூரையை ஓடு ஓடாக இறக்கி வேனில் ஏற்றினார்கள். அதே ஓடு, அதே துருத்தி, அதே இரும்புப் பட்டறைக்கல். கம்பெனி வாசலில் அப்படியே நிறுத்தி, மேலே புதிதாக ஒரு விளக்கு மாட்டினார்கள்.

பையர் வந்த முதல் நாள், இவர் வெள்ளை வேட்டி கட்டி ஒரு சாக்கில் கரி கொண்டுவந்தார். ஆபீஸ் மேடம் ஓடிவந்து தடுத்தார்.

"ஐயா, இங்க தீ பத்த வைக்கக் கூடாதுங்க. சேப்டி ஆடிட் இருக்குது."

"உலை இல்லாம என்னத்த அடிக்கிறதுங்க?"

"சும்மா சுத்தியலத் தூக்கிக் காட்டுங்க, போதும்."

இவர் ஆறின இரும்பை அடித்துக் காட்டினார். வெள்ளைக்காரர்கள் படம் பிடித்தார்கள். ஒரு அம்மாள் உலைக்குள் கைவிட்டு, கரி ஒட்டாத உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லாரும் சாம்பிள் ரூமுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் டவுன் பஸ்சில் இவர் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார். இறங்கப் போகும்போது, "சூடில்லாத இரும்ப அடிச்சா அடி தோளுக்குத்தான் திரும்புது, புள்ள" என்றார்.

இன்னும் சில தடவை போனார். அப்புறம் வரமாட்டேன் என்றுவிட்டார். முதலாளி கோபிக்கவில்லை. "அக்கா, பையர் வர்ற அன்னிக்கு நீங்க கொஞ்சம் வந்து நின்னுக்குங்க" என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து நான்தான் நிற்கிறேன். சுத்தியலைத் தொடுவதில்லை. கேட்டால் துருத்தியை நாலு அமுக்கு அமுக்குகிறேன். குளிர்ந்த காற்று வருகிறது.

வாசலில் சாரல் அடித்தால் பட்டறைக்கல்லில் துரு ஏறுகிறது. அதைத் துடைக்க யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு, வேஸ்ட் துணியால் நானே துடைக்கிறேன்.

போன வாரம் மழை. இவர் வீட்டில் படுத்தபடியே, "கல்லு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"வித்துப் போடச் சொல்லு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேண்டாம், இருக்கட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் விளக்கை அணைத்தேன். காலையில் ஏழரைக்கெல்லாம் என்னை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்துவிடும்.