கோட்டை வீட்டின் பின்னறை

விருத்தாசலத்தில் ஆட்டோவில் ஏறி "கோட்டை வூடு" என்றால் போதும், தெருப்பெயர் கேட்க மாட்டார்கள். நாலு மூலையிலும் உருண்டைக் கோபுரம், மொட்டைமாடிச் சுவரில் பல்லுப் பல்லாக இடைவெளி. எங்கள் கொள்ளுத்தாத்தா சென்னையில் எதையோ பார்த்துவிட்டு வந்து கட்டியது. எதிரி என்று யாரும் படையெடுத்து வரவில்லை. குரங்குகள்தான் வந்தன.

நான் வளர்ந்த வீடு அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒழுகலையும் விரிசலையும் சமாளிக்க முடியாமல், அப்பாவும் பெரியப்பாவும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். தேர்ச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், நம்மூர்ச் சூளையில் சுட்ட பீங்கான் பிள்ளையார்கள் எல்லாம் வைத்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நாங்கள் ஜங்ஷன் பக்கம் சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அம்மா ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். கல்யாணமாகி வந்தபோது ஆளுயரப் பூவராகர் படமும் கூடவே வந்து பூஜையறையில் ஏறியது, பழைய தஞ்சாவூர் வேலை. புது வீட்டுச் சுவரில் அது அடங்கவில்லை. "அவரு அங்கியே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. "சாமிய விட்டுட்டு வந்துட்டேனே, என்னா நெனைப்பாரோ" என்று அதன் பிறகும் புலம்பிக்கொண்டே இருந்தாள்.

திறப்பு விழாவுக்கு முன்பே நான் போய்ப் பார்த்தேன். பூஜையறையில் படம் இல்லை. பின்பக்கக் கோபுரத்தின் கீழறையில் மாட்டியிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்கள் ஒதுங்கியிருந்த அறை அது. அம்மாவும் பெரியம்மாவும் அங்கேதான் இருப்பார்கள், பிறகு நானும். தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனாலும் அந்த அறையை இப்போது நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஒற்றைச் சின்ன ஜன்னல், சூளைப் புகை, ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கோர்க்கும் சத்தம், வேலை ஏவ ஆளில்லாத நிம்மதியில் படித்துத் தீர்த்த வாரப் பத்திரிகைகள். அம்மா மட்டும் படிக்க மாட்டாள். சாயங்காலம் யாராவது விளக்கேற்றும் நேரத்துக்குக் கதவோரம் வந்து நின்று எட்டிப் பார்ப்பாள்.

மேலாளராக வந்திருந்தவர் வெளியூர்க்காரர். "அங்கதாங்க வெயிலே படாது. வெயில் பட்டா கலர் போயிடும்" என்றார். அது என்ன அறை என்று நான் போட்டு உடைத்ததும் தரையைப் பார்த்தார். மாற்றுவதென்றால் மேலே கேட்க வேண்டுமாம். "வெள்ளிக்கிழமை எங்கம்மா வராங்க. அதுக்குள்ள கேளுங்க" என்று கத்திவிட்டு வந்தேன்.

அம்மாவையும் தடுத்துப் பார்த்தேன். முட்டிவலி, கூட்டம், வெயில் என்று என்னென்னவோ சொன்னேன். "போடி, எங்கூரு சாமியப் பாக்க நீ என்னா தடுக்கறது?" என்று புடவை மாற்றிக்கொண்டாள்.

செருப்பை வாசலிலேயே விட்டாள். பூஜையறையை எட்டிப் பார்த்தாள். படம் பின்னால் இருக்கிறது என்று சொன்ன காவலாளியைத் தொடர்ந்து கூடத்தைக் கடந்து நடந்தாள். பின்னறை வாசலில் அவள் கால் நின்றது.

உள்ளே போய், படத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம், பழைய மூலையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இங்கேந்து எட்டி எட்டிப் பார்ப்பேன்டி. வெளக்கு வெளிச்சந்தான் தெரியும், அவரு தெரியமாட்டாரு" என்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் முகம் சிரித்தது.

அப்போது மேலாளர் வேகமாக வந்தார். "அம்மா, மன்னிச்சிக்குங்க. பெர்மிஷன் வந்திடுச்சி. நாளைக்கே படத்த பூஜை ரூம்புக்கு மாத்திடறோம்."

அம்மா எழுந்திருக்கவில்லை.

"வேணாங்க. இத்தன வருஷத்துல அவரு இந்த ரூம்பப் பாத்ததே இல்ல. இங்கியே இருக்கட்டும்."