எதிராளியைத் தேடிப் பிடித்த அக்கா

எங்கள் குடும்பத்தில் தோற்பதற்கென்று யாரும் எதிலும் இறங்கியதில்லை. கைவண்டியில் பழைய இரும்பு வாங்கி விற்றுத் தொடங்கிய கடை இன்று தெருமுனை வரைக்கும் நீண்டு கிடக்கிறதென்றால் அது வானத்திலிருந்து விழுந்ததில்லை. அந்தக் கடையில், ஆணிப் பெட்டிக்கும் தராசுக்கும் நடுவில் தவழ்ந்து வளர்ந்தவள்தான் என் தம்பியின் மூத்த மகள். வீட்டில் அவளைப் பெரியவள் என்போம். தராசில் முள் அசைவதற்கு முன்பே கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வாள். நல்ல வேலையில் இருந்தாள், கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தது. மற்றவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் இவள் தன்னையே பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொண்டாள். என்ன படிப்பு என்று கேட்டால், துரு. தண்ணீர்க் குழாய்க்குள் பிடிக்கிற துரு.

"துருவுக்கு எதுக்கும்மா படிப்பு? உப்புத்தாளைப் போட்டுத் தேச்சா போச்சு" என்று நான் சொன்னதற்கு, "தேச்சா போகும் பெரியப்பா, ஏன் வந்துச்சுன்னு தெரிய வேணாமா?" என்றாள். துருவை விற்றுச் சாப்பிட்ட குடும்பத்தில் துருவைக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரையும்விட மூத்தவள் என்பதால் அங்கே அவள் பெயர் அக்கா. பேராசிரியர்கூட ஒருமுறை வாய்தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு இருமிச் சமாளித்தாராம்.

அவளும் வீட்டுக்காரரும் குழந்தையும் இருந்தது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, கல்யாணமான மாணவர்களுக்கென்று கட்டிவிட்ட மூன்று மாடிக் குடியிருப்பில். இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, மழை பெய்தால் ஊறுகிற ஒரு சுவர். அரண்மனை இல்லைதான். ஆனால் அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்குக் குழந்தையின் தூக்கம் கலைவதற்குள் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவள் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். காலையில் ஸ்பேனர் பையோடு கிளம்பினால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே அந்த வீடு இருந்தால் படிப்பு உண்டு. வீடு போனால் இரண்டு பஸ் மாறி வர வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது, படிப்பு அதோடு போச்சு.

அந்த வீட்டுக்குத்தான் வந்தது வினை. நிர்வாகத்தில் யாருக்கோ, குடியிருப்பைக் காலி செய்து வெளியூர்ப் பெரிய மனிதர்கள் தங்கும் விருந்தினர் விடுதி ஆக்கலாம் என்று தோன்றிவிட்டது. நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும். அந்தக் குழுவில் மேற்படிப்பு மாணவர் சங்கத்தின் தலைவருக்கு ஒரு நாற்காலி உண்டு. நாற்காலிதான் உண்டு, உட்கார ஆள் இல்லை. ஏனென்றால் சங்கத்துக்குத் தேர்தல் நடத்துவார்கள், மூன்றில் ஒரு பங்கு பேராவது வாக்குப் போட்டால்தான் தேர்தல் செல்லும், ஒருத்தரும் வந்து போடமாட்டார்கள். ஆகவே தலைவர் இல்லாமலேயே சங்கம் ஓடிக்கொண்டிருந்தது, பெட்ரோல் இல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி.

"நான் நிக்கிறேன்" என்றாள் பெரியவள். இரத்தம் அப்படி.

வேட்புமனு கொடுத்தாள். அவளைத் தவிர வேறு யாரும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் கையைக் குலுக்கினார். "போட்டியே இல்ல, ஜெயிச்ச மாதிரிதான்!"

"அப்படி இல்லைங்க. ஓட்டு விழணும். விழலன்னா நான் தனியா ஓடித் தனியாவே தோத்தவளாயிடுவேன்."

அதனால் மாடி மாடியாக ஏறினாள். குடியிருப்பைக் காக்க வேண்டியது ஏன் என்று ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு ஆய்வுக்கூடமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். படித்தவர்களிடம் படிக்கக் கொடுத்ததுதான் அவள் செய்த பிழை. சாதாரண மனுஷன் ஒரு தாளைக் கொடுத்தால் சரி என்பான், இல்லை வேண்டாம் என்பான். இவர்கள் பேனாவை எடுத்துவிட்டார்கள்.

வேதியியல்காரன் ஒருத்தன் மறுநாள் அவளைத் தேடி வந்து தாளை நீட்டினான். ஓரமெல்லாம் சிவப்பு. "அக்கா, ரெண்டாவது பத்தி வலுவா இல்ல. 'பல குடும்பங்கள்'னு போட்டிருக்கீங்க, பலன்னா எத்தனை? ஆதாரம் எங்க?"

"நீ ஓட்டுப் போடுவியா தம்பி?"

"முதல்ல இதைத் திருத்துங்க. அப்புறம் பாக்கலாம்."

பொருளாதாரத்துப் பெண் ஒருத்தி தலைப்பை மாற்றச் சொன்னாள். இலக்கியத்துப் பெண் மாற்றின தலைப்பை மறுபடி மாற்றச் சொன்னாள். கணிதத்தில் ஒருத்தன், மூன்றில் ஒரு பங்கு என்ற விதியே தவறு என்று கரும்பலகை நிறைய எழுதிக் காட்டினான். இவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதும் நின்று கேட்டாள். கடைசியில் "அப்ப ஓட்டு?" என்றதற்கு, "விதியே தப்புன்னு நிரூபிச்சிட்டு எப்படிக்கா ஓட்டுப் போடறது, மனசாட்சி வேணாமா?" என்றான். கொடுத்த தாளெல்லாம் திரும்பி வந்தது. வாக்களிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவர் அநேகமாகக் குடியிருப்புக்காரர்கள் மட்டுந்தான்.

வீட்டுக்கு வந்து தாள்களை மேசையில் எறிந்தாள். "கழுதைக்கு முன்னாடி புல்லக் காட்டினா திங்கவாவது செய்யும். இதுங்க புல்லோட நீளத்த அளக்குதுங்க!"

வீட்டுக்காரர் ஒரு கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிமிராமலே சொன்னார்: "ஒத்தைப் பயில்வான் நிக்கிற கோதாவுக்கு யாரு வருவா? ரெண்டு பேரு கட்டிப் பெரண்டாத்தான் கூட்டம் கூடும்."

பெரியவள் அப்படியே நின்றாள். "எதிராளி வேணும்ங்கறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு வேலையிருக்கு."

எதிராளி என்றதும் அவளுக்கு ஒரு முகந்தான் ஞாபகம் வந்தது. அவளுடைய ஆய்வுக்கூடத்திலேயே அடுத்த மேசை. எந்தக் கருத்தரங்கிலும் யார் பேசி முடித்தாலும் கையைத் தூக்கி, "ஒரு சின்னக் கேள்வி" என்று ஆரம்பிப்பான். கேட்டு முடிப்பதற்குள் பேசினவர் வேர்த்து விறுவிறுத்துப் போவார், டீ ஆறிப்போகும். அவனுக்குப் பெயரே சின்னக்கேள்வி என்று ஆகிவிட்டது. அவனைக் கண்டால் பாதிப் பேருக்கு ஆகாது. ஆகாதவன் நின்றால் அவனைத் தோற்கடிக்கவாவது கூட்டம் வரும் என்பது பெரியவளின் கணக்கு. இரும்புக்கடைக் கணக்கு சோடை போகாது என்ற நம்பிக்கை.

மனு கொடுக்கக் கடைசி நாள் மத்தியானம் அவனைக் காண்டீனில் மடக்கினாள். தன்னை எதிர்த்து நிற்கச் சொல்லி, குடியிருப்பின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். பாவம், அங்கேதான் அவள் அளவுக்கு மேல் சொன்னாள்.

அவன் கேட்டுவிட்டு, "ஒரு சின்னக் கேள்வி" என்றான்.

"கேளு."

"நான் ஜெயிச்சுட்டா?"

பெரியவள் சிரித்துவிட்டாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "நீயா? உன்னால ஜெயிக்க முடியுமா தம்பி? சும்மா ஒப்புக்கு நில்லு."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு நேரே போய் மனுக் கொடுத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதை அவள் அப்போது உணரவில்லை.

கணக்கின் முதல் பாதி பலித்தது. அக்காவுக்கு எதிராகச் சின்னக்கேள்வி நிற்கிறான் என்றதும் காண்டீனே இரண்டு கட்சியாகிவிட்டது. இதுவரை தாளில் சிவப்பு மையால் எழுதினவர்கள் இப்போது வாயால் சண்டை போட்டார்கள். வேட்பாளர்கள் இருவரும் மேடையில் பேச வேண்டும் என்று விரிவுரைக் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். உட்கார இடமில்லாமல் படியில் உட்கார்ந்தார்கள்.

முதலில் பெரியவள் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். குழந்தைகள் எங்கே போகும், குடும்பங்கள் என்ன ஆகும் என்று கேட்டாள். கேட்டவர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் கல்யாணமாகாத ஒருத்தன் எழுந்து, "பாவம்தான் அக்கா. ஆனா எங்களுக்கு அதுல என்ன?" என்றான். அவள் அவனை முறைத்தாள்.

சின்னக்கேள்வி எழுந்தான். "உனக்கு அதுல என்னன்னு நான் சொல்றேன்" என்றான். "குடியிருப்ப மூடினா அங்க இருக்கிறவங்க எங்க வருவாங்க? பாதிப் பேர் குடும்பத்த ஊருக்கு அனுப்பிட்டு நம்ம விடுதிக்கு. அங்க இடமிருக்கா? இல்ல. ரெண்டு பேர் இருக்கிற ரூம்ல மூணு கட்டில். உன் ரூம்ல. மீதிப் பேர் வெளியிலருந்து அலைஞ்சு அலைஞ்சு படிப்பு இழுத்தா ஆய்வுக்கூடத்துல அவங்க மேசை காலியாகாது. அந்த மேசைக்குக் காத்திருக்கிறவன் யாரு? நீ." ஒவ்வொன்றையும் விரல் மடக்கிச் சொன்னான். இருபது நிமிஷம் கேள்வி கேட்கிறவன் அன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டான். கூடமே கைதட்டியது. கணிதத்துக்காரன்கூடத் தட்டினான், விதி தப்பென்பதை மறந்துவிட்டு.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிவந்த கதை கேட்டிருப்பீர்கள். மேடையில் உட்கார்ந்தபடியே பாம்பு குடியேறுவதைப் பார்க்கிற கரையானாக இருந்தாள் பெரியவள். அவளுடைய வீடு, அவளுடைய சங்கதி, அவள் காண்டீனில் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னது. அதை அவளுக்கே தோன்றாத மாதிரி திருப்பிப் போட்டுவிட்டான். அதிலும் எரிச்சல், அவன் சொன்னது சரியாக இருந்ததுதான்.

வாக்குப் பெட்டியை நூலக வாசலில் வைத்தார்கள். வரிசை நின்றது! மூன்றில் ஒரு பங்கு என்ன, பாதிக்கு மேல் வந்து போட்டார்கள். எண்ணிப் பார்த்தால், சின்னக்கேள்வி கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்திருந்தான். குடியிருப்பிலேயே இரண்டு பேர் அவனுக்குப் போட்டிருந்தார்கள். கேட்டால், "உங்க மேல மரியாதைதான் அக்கா, ஆனா அவன் பேச்சு எடுபடும்ல?" என்றார்கள், அவள் வீட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டு.

அவள் இரண்டு நாள் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், உப்புத்தாள் கிழிகிற வரை.

மூன்றாவது நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். சின்னக்கேள்வி. கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, குழு அடுத்த வாரம் கூடுது. அங்க நான் என்ன பேசறது?"

"அதான் மேடையில பேசினியே, விரல மடக்கி மடக்கி! அதையே பேசு."

"அது நம்ம பசங்களுக்கான கணக்கு. அந்தப் பெரியவங்களுக்கு விடுதியில மூணு கட்டில் போட்டா என்ன, நாலு போட்டா என்ன? இங்க எப்படி இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாது. நான் இந்தப் படி ஏறினதே இன்னிக்குத்தான்."

"தெரியாமத்தான் தலைவரானியா?"

"நீங்கதானே நிக்கச் சொன்னீங்க."

கதவைச் சாத்தத்தான் போனாள். மூஞ்சியில் சாத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க தம்பி, செருப்ப அப்படி ஓரமா விடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன செய்வது? கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீடு போகக் கூடாது. "உள்ள வா" என்றாள். "பாரு. முழுசாப் பாரு. கேள்வி கேக்காமப் பாரு."

அன்று பூராவும் அவனை விடவில்லை. ஊறுகிற சுவரைக் காட்டினாள். அது ஒரு குறையே இல்லை என்பதையும் சொன்னாள். எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவருமே ஆய்வு மாணவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். சாயங்காலம் ஆய்வுக்கூடம் முடிந்து பெண்டாட்டி படியேறி வருகிறாள், புருஷன் தன் ஆய்வுக்கூடத்துக்குப் படியிறங்குகிறான். நடுப்படியில் குழந்தை கைமாறுகிறது. "பால் குடிச்சாச்சு." "காய்ச்சல் விட்டாச்சா?" "விட்டாச்சு." அவ்வளவுதான் அன்றைக்கு அவர்களின் குடும்பப் பேச்சு. சின்னக்கேள்வி அந்தப் படியில் சுவரோடு சுவராக ஒதுங்கி வழிவிட்டு நின்றான்.

குழு கூடின அன்று பெரியவளுக்கு உள்ளே இடமில்லை. நடைவழியில் ஒரு பெஞ்சு, அதில் உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். தன் வீட்டுக்காகத் தான் பேச முடியாமல், அங்கே ஒரு நாள்கூடக் குடியிருக்காதவனை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவன் வெளியே வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கே கன்னத்தில் இரண்டு வைக்கலாம்.

"சொல்லித் தொலையேண்டா!"

"நின்னுடுச்சு அக்கா. குடியிருப்ப தொடமாட்டாங்க. விருந்தினர் விடுதிக்கு வேற இடம் பாக்கறாங்களாம். கணக்கெல்லாம் சொன்னேன், அசையல. படியில குழந்தை கைமாறுறதச் சொன்னேன். குழுவுக்குத் தலைமையா இருக்கிற அந்த அம்மா, 'படியிலேயா?'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம் கோப்ப மூடச் சொல்லிட்டாங்க."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காண்டீன் சுவரிலும் நூலகச் சுவரிலும் நோட்டீஸ். குடியிருப்பைக் காத்த தலைவருக்கு நன்றி. குடியிருப்புக்காரர்களே ஒட்டியிருந்தார்கள். அவளிடமே பசை கேட்டார்களாம், கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். வீட்டுக்காரர், "இப்ப என்ன? வீடு வேணுமா, பேர் வேணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் வேணும்."

"ரெண்டும் கிடைக்குமா?"

"கிடைக்குதோ இல்லையோ, ரெண்டும்தான் வேணும். பிள்ளை பெத்தது நான், பேர் வாங்கினது அவனா? கேட்டா தப்பா?"

தப்பில்லை என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னோம்.