அவர் தோளுக்காக நான் சொன்ன பொய்

என் கணவர் பழவேற்காடு ஏரியில் வீச்சு வலை வீசிப் பிழைத்தவர். ஐம்பத்தெட்டு வயதில் அவருடைய வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. தைலம் தேய்த்தோம். பொன்னேரியில் ஊசி போட்டோம். இரண்டே வருடத்தில் கை மார்புக்கு மேல் எழவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். படுத்தால் குத்துகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அப்படியும் ஏரிக்குப் போவதை விடவில்லை. வீசும் வலை விரியாமல் பொத்தென்று தண்ணீரில் விழும். தோணிரேவுக் கரையில் நிற்கிறவர்கள் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நான் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். லீவு போட்டுவிட்டு, சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போனேன். டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த தோள் எலும்பு ஒன்று இருந்தது. அதை எடுத்துக் காட்டி நிதானமாக விளக்கினார்.

“எலும்பு தேஞ்சது மட்டும் இல்லைங்க ஐயா. மூட்டைச் சுத்திப் பிடிச்சிருக்கற தசைநாரும் கிழிஞ்சு போச்சு. வழக்கமான மூட்டு வெச்சா, அதைப் பிடிச்சு நிறுத்த எதுவும் இல்ல. அதனால தலைகீழா வைப்போம். இப்ப உங்க கை எலும்பு நுனியில உருண்டை இருக்கு, தோள்பட்டையில கிண்ணம் இருக்கு. நாங்க உருண்டையைத் தோள்பட்டையில திருகிட்டு, கிண்ணத்தைக் கை எலும்புல வைப்போம். அப்போ மேல இருக்கற இந்தப் பெரிய சதையே கையைத் தூக்கிடும்.”

அவர் அந்தப் பிளாஸ்டிக் எலும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வலி பூடுமா?”

“பெரும்பாலும் போயிடும். ஆனா இனிமே பாரமான வேலை கூடாது.”

அவர் தலையாட்டிவிட்டு முதலில் வெளியே போனார். நான் கதவருகே தயங்கி நின்றேன்.

“வீச்சு வலை வீசலாமாம்மா?”

“கூடாதும்மா. உடம்பைத் திருப்பி வேகமா வீசினா மூட்டு நழுவிடும். திருகு தளர்ந்தாலும் தளரும். அவரைக் கூப்பிடுங்க, நானே சொல்லிடறேன்.”

“நான் சொல்லிக்கிறேன்” என்றேன்.

வராந்தாவில் அவர் காத்திருந்தார். “பாரம்னா மூட்டை கீட்டைதான? வலை எனக்குப் பாரமா இன்னா?”

முந்தின நாள் காலை அவரால் சட்டைப் பட்டன் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். அப்போது அவர் கண்ணில் நீர் முட்டியிருந்தது. வலை வீச முடியாது என்று சொன்னால் அங்கிருந்தே ஊருக்குத் திரும்பிவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

“மொதல்ல சரியாவட்டும்யா. ஆறு மாசம் போனா பாக்கலாம்னாங்க” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதத் தாள் வந்தபோது அதைப் படித்துச் சொன்னவளும் நான்தான். கையை வேகமாக வீசக் கூடாது என்ற ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய தூளியில் கட்டி வைத்திருந்தார். பிறகு வாரம் இருமுறை பொன்னேரிக்குப் போய்ப் பயிற்சி. வீட்டில் சுவரில் விரல்களை நண்டு போல ஏற்றி, எட்டின இடத்தில் கரிக்கோடு போடச் சொல்வார். கோடு வாராவாரம் உயர்ந்தது. மூன்றாம் மாதம் அந்தக் கையாலேயே தலை வாரினார். பாயில் நீட்டிப் படுத்துத் தூங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னாலதான் அந்த மனுசன் பொழச்சாரு” என்றார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவர் கையை உயர்த்திக் காட்டிச் சிரிக்கும்போது சொல்ல வாய் வராது.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் குழந்தைகளுக்குச் சத்துமாவு கிண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, “உன் ஊட்டுக்காரரு வலைய எடுத்துக்கினு போறாருக்கா” என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவர் முழங்கால் தண்ணீரில் நின்று, வலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வீசாதய்யா!”

“இன்னாம்மே, ஒரு வீச்சுதான்.”

“வீசவே கூடாதாம். எப்பவும். மூட்டு கழண்டுக்குமாம்.”

“யாரு சொன்னது?”

“டாக்டர். ஆபரேசனுக்கு முன்னாடியே.”

அவர் அசையாமல் நின்றார். தண்ணீர் அவர் காலைச் சுற்றிக் கலங்கிப் பின் தெளிந்தது.

“அப்பவே தெரியுமா உனுக்கு?”

“தெரியும். சொல்லியிருந்தா நீ பண்ணிக்க மாட்ட.”

“பண்ணிக்கமாட்டேன்தான்” என்றார். “அத நான் சொல்லணும். எங் கை அது.”

வலையைக் கொண்டுபோய்த் தன் தம்பி வீட்டில் போட்டுவிட்டு வந்தார். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சோற்றைத் தின்றார், அந்த வலது கையால்தான். வலி இல்லாமல் அவர் தின்பதைப் பார்க்கும்போது, செய்தது சரிதான் என்று தோன்றும். வாசலில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கும்போது, பாவம் செய்துவிட்டேன் என்று தோன்றும். இரண்டில் எது சரி என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள், “உப்பு கம்மியா இருக்கு” என்றார். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. இப்போது ஏலம் விடும் இடத்தில் நண்டுகளைத் தரம் பிரித்து, கால் கட்டிக் கொடுக்கிறார். சிலநாள் தம்பியின் படகில் ஏறி, இடது கையால் கோல் ஊன்றித் தள்ளுகிறார்.

சென்ற மாதம் இடது தோளும் வலிக்க ஆரம்பித்தது. என்னைக் கூப்பிடாமல் தனியாகச் சென்னைக்குப் போய்வந்தார். திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அவராகவே சொன்னார்.

“இதுலயும் நாரு கிழிஞ்சிருக்காம். அதே மாதிரி மாத்தணுமாம். இன்னா பண்ணலாம், இன்னா பண்ணக்கூடாதுனு அல்லாத்தயும் கேட்டுக்கினேன். வேணானுட்டேன். கோல் ஊன்ற ஒரு கை வேணும்.”

“வலிக்குமேய்யா.”

“வலிக்கட்டும்.”

வெந்நீரில் துணியைப் பிழிந்து அவர் இடது தோளில் வைத்தேன். சூடு போதவில்லை என்றார். வேறு வெந்நீர் வைக்க எழுந்து போனேன்.