பன்னிரண்டுக்கு ஒன்று

மலைச்சரிவில் வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் தேடி வருவது பிளான்காரரைத்தான். அப்புறம் திட்டித் தீர்ப்பதும் அவரைத்தான். மனுஷன் மண்ணை வெட்ட விடமாட்டார், மரத்தைத் தொட விடமாட்டார். சரிவு எப்படி இறங்குகிறதோ அப்படியே வீடும் படிப்படியாக இறங்க வேண்டும். கூரையில் விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் தொட்டிக்குப் போக வேண்டும். முப்பது வருஷமாக இதே பிடிவாதம். அவர் வரைந்த வீடு ஒன்றுகூட எந்த மழைக்கும் அசைந்து கொடுத்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தன் வீட்டை வரையக் கை வரவில்லை.

அதே சரிவில் மனை பதினொரு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் மனைவி. விறுவிறுவென்று மேலே ஏறிப் போய், மனையின் உச்சியிலிருந்த பாறைத் தளத்தில் நின்றுகொண்டு, கீழே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துச் சிரித்தவள் அவள். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஒன்பது மாதமாக அவள் கீழே இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு. "பீரோ இறக்குற மாதிரி இறக்குறாங்க," என்று சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது?

ஆகவே வீடு கட்டியாக வேண்டும். யாரையும் கூப்பிடாமல், தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அவள் தெருவுக்குப் போய் வர வேண்டும். அவருக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

கணக்குதான் இடித்தது. அந்த நாற்காலி ஓர் அடி உயர வேண்டுமென்றால் பாதை பன்னிரண்டு அடி நீள வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் கை ஓய்ந்துவிடும், நாற்காலி பின்னால் உருண்டுவிடும். மண்ணை வெட்டாமல் வீடு நிற்கக்கூடிய பாறைத் தளமோ சாலையிலிருந்து பதினெட்டு அடி உயரம். அப்படியானால் இருநூற்றுப் பதினாறு அடிப் பாதை. மனையின் அகலமே நாற்பது அடி. ஆறு மடிப்பாக மடித்துப் போட்டுப் பார்த்தார். பாதை வந்தது, வீட்டுக்கு இடமில்லை. லிஃப்ட் வைக்கலாமென்றால் மழைக்காலத்தில் அங்கே வாரக்கணக்கில் மின்சாரம் இருக்காது.

மச்சினன் வந்து பார்த்தான். "வெட்டிடுங்க அத்தான். ஜேசிபிக்கு மூணு நாள் வேலை. ரோட்டு மட்டத்துக்கே வீடு வந்துடும்."

"மேல இருக்கிற வீடு எந்த மண்ணு மேல நிக்குது தெரியுமா?"

"தெரியாம என்ன? நீங்க வரைஞ்ச வீடுதானே."

"அங்க ரெண்டு சின்னக் குழந்தைங்க தூங்குதுடா."

"அப்போ எங்கக்கா மூணாவது மாடியிலயே கிடந்து சாகட்டும், அப்படித்தானே?"

அவர் இன்னொரு தாளை எடுத்து விரித்தார்.

ஒரு மத்தியானம், கிழித்துப் போட்ட தாள்களுக்கு நடுவே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா? நான் இல்லன்னு வச்சுக்கோங்க. அப்போ எப்படிக் கட்டுவீங்க?"

"உனக்கென்ன பைத்தியமா?"

"சும்மாதான். பார்க்கணும்னு ஆசையா இருக்கு. வரைஞ்சு காட்டுங்களேன்."

வேண்டாவெறுப்பாகத்தான் பென்சிலை எடுத்தார். படிகளை ஒரே இழுப்பில் இறக்கினார். கூடம், அதற்கு நாலடி கீழே படுக்கையறை, கீழிருந்து ஏறி வருகிற காற்று வெளியேற மேலே ஒரு ஜன்னல், பாறையை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. ரப்பரை ஒரு தடவைகூடத் தொடவில்லை. "இங்க பாரு, மத்தியான வெயில் உள்ளயே வராது," என்றார். "இந்த மரத்தைப் பாரு, அது பாட்டுக்கு நிக்குது." ஒன்பது மாதத்தில் அவர் குரல் அப்படி எழும்பியதே இல்லை. இருபது நிமிஷத்தில் வீடு முடிந்துவிட்டது. அவர் இதுவரை வரைந்ததிலேயே நல்ல வீடு அதுதான்.

நிமிர்ந்து பார்த்தார். அவள் தாளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. அவள் ஏற முடியாத வீடு அது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாளைக் கிழிக்கப் போனார்.

"அழகா இருக்குங்க," என்றாள். "கிழிச்சுடாதீங்க."