சாமியை அளந்த நூல்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பெட்ரோல் பங்கில் மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்க்காமல் டேங்க் மூடியைத் திறக்க மாட்டேன். பெரம்பலூரில் அறிவியல் வாத்தியாராக இருப்பதால் இந்தப் புத்திக்குச் சம்பளமும் கிடைக்கிறது.

அரியலூர்ப் பக்கம் எங்கள் சோளக்கொல்லையில் ஒரு சாமி உண்டு. குடம் அளவுக்கு உருண்டையான, சுருள் சுருளாக வரியோடிய கல். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, இது அந்தக் கடலில் வாழ்ந்த பிராணி என்று கல்லூரியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல்லை மோப்பம் பிடிக்க வந்த ஆட்களோ என்று அவர்களையும் நான் நம்பவில்லை.

அம்மாவைக் கேட்டால், சாமி வளர்கிறது என்பாள். ஆடி மாதம் நூலை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, கல்லைச் சுற்றி அளந்து அறுத்து, காயவைத்துத் தகர டப்பாவில் பத்திரப்படுத்துவாள். அடுத்த ஆடியில் அதே நூலைச் சுற்றினால் ஒரு விரற்கடை எட்டாது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அம்மாவின் கழுத்தில் கட்டி வரும்வரை எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. உடனே எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா அசையவில்லை.

"சாமி வளர்ற வூட்டுல ஒன்னும் ஆவாதுடா."

அப்படியானால் சாமி வளரவில்லை என்று நிரூபித்துத்தான் ஆகவேண்டும். யாரோ நூலின் நுனியைக் கத்தரிக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு நானே ஒரு நூலை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, அளந்து, காயவைத்துப் பார்த்தேன். சுருங்கியிருந்தது. சாமி அப்படியேதான் இருக்கிறது, நூல்தான் குறைகிறது!

ஞாயிற்றுக்கிழமை டேப்போடு ஊருக்குப் போய்க் கல்லை அளந்தேன். போன வருஷம் யாருக்கும் தெரியாமல் அளந்து எழுதிவைத்த அதே அளவு. அம்மாவிடம் காட்டினேன்.

"சாமி கூடவே உன் டேப்பும் வளரலன்னு எப்புடிடா சொல்லுவ?"

ஓர் அளவு சரியா என்று பார்க்க இன்னோர் அளவைத்தானே நம்ப வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தில் தகர டப்பாவைப் பிடுங்கிக் கவிழ்த்தேன்.

மஞ்சள் நூல்களோடு ஏழெட்டு வெள்ளை நூல்களும் விழுந்தன. ஒன்றுகூட முழ நீளம் இல்லை. ஆனால் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளம்.

"இதால எதம்மா அளந்த?"

அம்மா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"மஞ்சள்ல நனைக்கலியா?"

"நனைச்சா சுருங்கிடும்லடா. இது சரியா தெரியணும்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்ரோல் பங்க்காரரில் தொடங்கி சாமிவரை சந்தேகப்பட்டவன், அம்மா பயந்துபோயிருப்பாள் என்று ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. குனிந்து நூல்களைப் பொறுக்கினேன். அம்மா என் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதால ஒரு தடவ அளந்து சொல்லு" என்று முந்தானையை விலக்கிக் கழுத்தை நீட்டினாள்.